முதன்முதலில் ஆடிய வீடியோ கேம்: எந்தப் பெட்டியில், எந்த ஆட்டம்?

#1 மொட்டைமாடி

போன வாரம் கும்பகோணம் வீட்டில் பரணை ஒழித்தபோது ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் பழைய டிவி கேம் கேசட் ஒன்று கிடைத்தது. மஞ்சள் பிளாஸ்டிக். மேலே ஒட்டியிருந்த படத்தில் பாதியைக் கரப்பான் தின்றுவிட்டது. மீதியில் ஒரு மீசைக்காரரின் தொப்பியும் ‘9999999 இன் 1’ என்ற எண்ணும் தெரிகின்றன. பெட்டி எப்போதோ பழைய இரும்புக்காரரிடம் போய்விட்டது, கேசட் மட்டும் எப்படியோ தப்பியிருக்கிறது.

சரி, அதை வைத்து ஓர் இழை. டிவி கேம், கம்ப்யூட்டர், பிரிக் கேம், செல்போன், கடையில் காசு கொடுத்து ஆடியது என்று ஒவ்வொரு பெட்டியிலும் நீங்கள் முதலில் ஆடிய ஆட்டம் எது? எது உலகத்திலேயே சிறந்த ஆட்டம் என்ற சண்டை இங்கே வேண்டாம்.

நான் தொடங்குகிறேன். 1994 இல் அப்பா சென்னைக்குப் போய் பர்மா பஜாரில் ஒரு பெட்டி வாங்கி வந்தார். எல்லோருக்கும் முதல் ஆட்டம் மாரியோவாக இருக்கும். எனக்கும் அக்காவுக்கும் வேறு ஒன்று, அதன் பெயர் இன்றுவரை தெரியாது. இரண்டு பென்குயின்கள் (அக்கா வாத்து என்பாள்), நடுவில் சுவர், அங்கங்கே சிலந்தி வலை. அதை ஒழுங்காக ஆடவே முடியவில்லை. கேசட்டில் ஒரு கோளாறு. இடது பொத்தானை அமுக்கினால் ஒரு பென்குயின் இடப்பக்கம் போகும், இன்னொன்று வலப்பக்கம் போகும். மற்ற ஆட்டங்களில் அந்தக் கோளாறு இல்லை. அடுத்த முறை அப்பா சென்னை போனபோது கேசட்டைக் கையோடு கொண்டுபோய்க் கடைக்காரரிடம் சத்தம் போட்டு மாற்றி வந்தார். மாற்றி வந்த கேசட்டிலும் அதே கோளாறு! அதோடு அந்த ஆட்டத்தை விட்டுவிட்டோம். இப்போது பரணில் கிடைத்தது மாற்றி வந்த கேசட்தான்.

யாருக்காவது பெயர் தெரிந்தால் சொல்லுங்கள்.

#2 டப்பாசிஸ்டம்

பென்குயின் என்றால் கோனாமியின் ‘அண்டார்டிக் அட்வென்ச்சர்’தான். பனியில் ஓடிக்கொண்டே போகும், குழியில் தடுக்கும், மீன் துள்ளும்.

எங்கள் வீட்டில் டிவி கேம் கிடையாது. ‘பிக்சர் டியூப் போயிடும்’ என்று அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். ஆக, என் கணக்கு 1996 இல் பள்ளிக் கம்ப்யூட்டர் லேபில் தொடங்குகிறது. வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். உள்ளே ஏசி. எங்களுக்காக இல்லை, சிஸ்டத்துக்காக. 40 பேருக்கு 6 சிஸ்டம். மிஸ் லோகோவில் (கட்டளை அடித்துப் படம் வரையும் கம்ப்யூட்டர் மொழி) ஆமையை ஓட்டச் சொல்லிவிட்டு ஸ்டாஃப் ரூமுக்குப் போனதும் ஃப்ளாப்பி ஒன்று பெஞ்ச் பெஞ்சாகக் கைமாறும். அதில் இருந்தது டேவ், அதாவது ‘டேஞ்சரஸ் டேவ்’. கோப்பையை எடுக்காமல் கதவு திறக்காது. மொத்தமே 10 நிலைகள்தான், ஆனால் அந்த வருடம் முழுக்க எங்கள் வகுப்பில் நாலைத் தாண்டியவன் ஒருவன்தான். கணக்கில் தேறாதவன், அவன் பின்னால் நாங்கள் சுற்றினோம். அதை எழுதிய ஜான் ரொமெரோ பின்னாளில் ‘டூம்’ என்ற புகழ்பெற்ற துப்பாக்கி ஆட்டத்தைச் செய்தவர்களில் ஒருவர் என்பது கல்லூரி வந்த பிறகுதான் தெரிந்தது.

அந்த சிஸ்டங்களின் முகப்பில் ‘டர்போ’ என்று ஒரு பொத்தான் இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? அமுக்கினால் சிஸ்டம் வேகமாகும் என்றுதான் நினைத்திருந்தோம். உண்மையில் அது வேகத்தைக் குறைக்க வைத்தது. பழைய ஆட்டங்கள் பலவும் 4.77 மெகாஹெர்ட்ஸ் கம்ப்யூட்டரை மனதில் வைத்து எழுதியவை. புது சிஸ்டத்தில் போட்டால் கண்ணிமைக்கும் முன் செத்துவிடுவோம். ஒரு ஆட்டத்தில் நான் மூன்று வாரம் தோற்றுக்கொண்டே இருந்தேன். பக்கத்து சிஸ்டத்தில் அந்தப் பொத்தான் வேறு நிலையில் இருந்தது, அவ்வளவுதான் விஷயம்.

#3 மொட்டைமாடி

அண்டார்டிக் இல்லை அண்ணே, தேடிப் பார்த்துவிட்டேன். அதில் பென்குயின் முதுகைக் காட்டிக்கொண்டு ஓடுகிறது. எங்களுடையது மேலிருந்து பார்க்கிற மாதிரி, சின்னச் சின்னத் தடுப்புகள் உள்ள ஒரு கட்டம்.

#4 பஞ்சுமிட்டாய்

தம்பியோடு ‘கான்ட்ரா’, இரண்டு பேர் சேர்ந்து சுட்டுக்கொண்டே போகும் ஆட்டம். வேறு எதையும் ஆடினோமா என்றே சந்தேகம்.

கான்ட்ரா ஆடிய எல்லா வீட்டிலும் அருவிச் சண்டை நடந்திருக்கும். மூன்றாவது கட்டம், திரை மேல்நோக்கி நகரும். முன்னால் இருப்பவன் ஒரு படி எகிறினால் போதும், கீழே நிற்பவன் காலடியில் இருந்த பாறை திரைக்கு வெளியே போய்விடும். அடுத்த நொடி அவன் உயிர் போய்விடும். எதிரி சுட்டுச் செத்ததைவிட என் தம்பி எகிறிச் செத்ததுதான் அதிகம். ‘நான் வேணும்னு பண்ணல’ என்பான். வேணும்னுதான் பண்ணினான். போன தீபாவளிக்குத்தான் ஒத்துக்கொண்டான், அதுவும் அவன் பெண்டாட்டி முன்னால்.

மேல் மேல், கீழ் கீழ், இடது வலது, இடது வலது, பி, ஏ, ஸ்டார்ட். தொடக்கத்தில் இந்த வரிசையில் அமுக்கினால் 30 உயிர். வாய்ப்பாட்டில் 13 எனக்கு இப்போதும் தடுமாறும், இது தடுமாறாது.

#5 பழையசோறு

பஞ்சுமிட்டாய் அக்கா சொன்ன அந்தப் பொத்தான் வரிசைக்குச் சொந்தக்காரர் கசுஹிஸா ஹாஷிமோட்டோ. கோனாமியில் ‘கிரேடியஸ்’ ஆட்டத்தை வீட்டுப் பெட்டிக்கு மாற்றிக்கொண்டிருந்தார். 1986 இல் வந்தது. சோதித்துப் பார்க்கவே அவருக்குக் கஷ்டமாக இருந்ததாம், அதனால் தன் வசதிக்கு ஒரு குறுக்குவழி வைத்தார். கடைக்கு அனுப்பும்போது அது எடுபடாமல் உள்ளேயே தங்கிவிட்டது. கான்ட்ராவுக்கு அங்கிருந்துதான் வந்தது. மனிதர் 2020 இல் காலமானார்.

மொட்டைமாடி கேசட்டின் ‘9999999’ பற்றி ஒரு வார்த்தை. ஏழாம் வகுப்புக் கோடை விடுமுறையில் ஒரு 40 பக்க நோட்டுப் போட்டு நான் எண்ணியிருக்கிறேன். வரிசை எண், ஆட்டம், என்ன வித்தியாசம் என்று மூன்று கலம். 60 வரை எண்ணியதும் குட்டு வெளிப்பட்டுவிட்டது. உண்மையில் இருந்தவை ஏழே ஆட்டங்கள். அதே மாரியோவை ஒரு எண்ணில் முதல் உலகத்திலிருந்தும், இன்னொரு எண்ணில் மூன்றாம் உலகத்திலிருந்தும் தொடங்கி வைப்பார்கள். டாங்க் ஆட்டத்தில் ஒன்றில் வேகமான டாங்க், இன்னொன்றில் வலுவான டாங்க். பட்டியல் மட்டும் பக்கம் பக்கமாக ஓடும், பின்னணியில் கடலும் பறவையும். ஏமாற்று வேலைதான், ஆனால் அதைச் செய்தவனின் சிக்கனத்தைப் பாராட்டத்தான் வேண்டும். முதல் மாரியோ மொத்தமே 40 கிலோபைட். நாம் வாட்ஸாப்பில் அனுப்பும் ஒரு காலை வணக்கப் படம் அதைவிடப் பெரிசு.

இடத்தை மிச்சம் பிடிக்கத்தான் அந்த மாரியோவில் மேகமும் புதரும் ஒரே படம். நிறம் மட்டும் வேறு. ஒருமுறை பார்த்துவிட்டால் அப்புறம் கண் அதைவிட்டு நகராது.

#6 டப்பாசிஸ்டம்

> கடலும் பறவையும்

அந்தப் பட்டியலோடு ஓடும் பாட்டு! போச்சு, இன்றைக்கு முழுக்கத் தலைக்குள் ஓடப்போகிறது.

#7 நாலுமுக்கு

எல்லோரும் ஊதுவதைப் பற்றி எழுதுவீர்கள் என்று காத்திருந்தேன், யாரும் எழுதவில்லை. படம் வரவில்லை என்றால் கேசட்டை எடுத்துப் புல்லாங்குழல் மாதிரி வாயில் வைத்து ஓர் ஊது. எங்கள் தெருவில் இதற்கென்றே ஒருவன் இருந்தான், அவன் ஊதினால் வரும்.

என் முதல் ஆட்டம் ‘டக் ஹன்ட்’. துப்பாக்கி, வாத்து, சிரிக்கும் நாய். அந்த நாயைச் சுட ஒரு வழி இருக்கிறது என்று பெரியப்பா மகன் சொல்லிக்கொண்டே இருந்தான், ஒரு நாளும் காட்டவில்லை.

#8 பழையசோறு

ஊதுவதால் ஒன்றும் ஆகாது நாலுமுக்கு. கெடுதல்தான், வாய் ஈரம் கேசட்டின் அடியில் உள்ள செம்புப் பட்டையில் பட்டுக் களிம்பு ஏறும். அசல் பெட்டியைச் செய்த நிண்டெண்டோவே ஊதாதீர்கள் என்றுதான் சொன்னது. எடுத்துத் திரும்பச் செருகுவதால் 60 பட்டைகளும் மறுபடி ஒழுங்காகப் பொருந்தும், படம் வரும். பேர் ஊதியவனுக்கு.

துப்பாக்கி விஷயம் சுவாரசியமானது. அதிலிருந்து எதுவும் வெளியே போகாது. அதற்குள் இருப்பது வெளிச்சத்தை உணரும் ஒரு கண். விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுப்பாகும், அடுத்த கணம் வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம். துப்பாக்கி முதலில் இருட்டையும் பிறகு வெள்ளையையும் பார்த்தால் வாத்து காலி. அதனால்தான் டியூப் லைட்டை நோக்கிச் சுட்டால் பலிக்காது, அங்கே இருட்டு வராதே. இன்றைய தட்டை டிவியில் அந்தத் துப்பாக்கி வேலை செய்யாததும் இதனால்தான். படம் திரைக்கு வரக் கொஞ்சம் தாமதமாகும், அதற்குள் துப்பாக்கி பார்த்து முடித்துவிடும்.

நாயைச் சுட வழி இருந்தது, ஆனால் கடைகளில் காசு போட்டு ஆடும் பதிப்பில். வீட்டுப் பதிப்பில் கிடையாது.

#9 நாலுமுக்கு

அறிவியல் எல்லாம் சரிதான். அவன் ஊதினால் வரும்.

#10 ஒழுங்கைவாசி

வணக்கம். வாசித்துக்கொண்டு மட்டும் இருக்கிற ஆள் நான். இந்த இழைக்கு எழுதாமல் விட ஏலவில்லை.

என்னுடையது ‘கேம் அன்ட் வாட்ச்’. யாழ்ப்பாணம். 1987 இல் மாமா லண்டனிலிருந்து வந்தபோது கொண்டுவந்தார். உள்ளங்கை அளவு, நேரமும் காட்டும். ஆட்டத்தின் பெயர் ‘பாரசூட்’. மேலே ஹெலிகொப்டர், அதிலிருந்து ஆட்கள் குதிப்பார்கள், கீழே கடலில் ஒரு வள்ளம். வள்ளத்தை இடமும் வலமும் நகர்த்தி ஆட்களை ஏந்த வேண்டும். தவறவிட்டால் சுறா. மூன்று பேர் போனால் ஆட்டம் முடிந்தது. வேறு ஒன்றுமே இல்லை. ஆனால் எங்கள் ஒழுங்கையில் இருந்த அத்தனை பெடியளும் எங்கள் விறாந்தையில்தான்.

அது சட்டைப் பொத்தான் அளவு பற்றரி இரண்டில் ஓடுவது. 1990 க்குப் பிறகு எங்களுக்குக் கரன்டும் இல்லை, பற்றரியும் இல்லை. வடக்குக்குக் கொண்டுவரத் தடை செய்த பொருட்களில் பற்றரியும் ஒன்று. ரேடியோ கேட்கச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றினோம். அந்த ஒயரை இதற்கும் குடுத்துப் பார்ப்பமோ என்று அண்ணா கேட்டான். அம்மா விடவில்லை. நல்ல காலம், குடுத்திருந்தால் எரிந்திருக்கும்.

பற்றரி செத்த பிறகும் நாங்கள் அதை ஆடினோம் என்று சொன்னால் சிரிப்பீர்கள். அந்தக் கண்ணாடியை வெய்யிலில் கொஞ்சம் சரித்துப் பிடித்தால், வரக்கூடிய உருவம் எல்லாம் ஒரே நேரத்தில் சாம்பல் நிறத்தில் மங்கலாகத் தெரியும். குதிக்கிற ஆட்கள் அத்தனை பேரும், வள்ளம் நிற்கக்கூடிய எல்லா இடமும், எல்லாச் சுறாவும். ஒருவன் ‘டிக், டிக்’ என்று வாயால் சத்தம் போட்டு, ஆள் எங்கே விழுகிறான் என்று சொல்லுவான். மற்றவன் பொத்தானை அமத்துவான். ஏந்தினானா இல்லையா என்பது சத்தம் போடுகிறவன் கையில். அதில்தான் அடிபாடு வரும்.

95 இடப்பெயர்வில் அது வீட்டிலேயே நின்றுவிட்டது. பிறகு 97 இல் கொழும்பில், வெள்ளவத்தையில் சொந்தக்காரர் வீட்டில் கான்ட்ரா பார்த்தேன். பஞ்சுமிட்டாய் சொன்ன அருவி அங்கேயும் அதே அருவிதான்.

#11 பஞ்சுமிட்டாய்

ஒழுங்கைவாசி அண்ணே, அந்த ‘டிக் டிக்’ ஆட்டத்தில் நீங்கள் சத்தம் போடுகிறவரா, பொத்தான் அமுக்குகிறவரா?

#12 ஒழுங்கைவாசி

சத்தம். மெஷின் எங்கள் வீட்டினுடையதல்லவா.

#13 அரக்கோணம்பஸ்

இதைப் படிக்கும் ஆண்களுக்கு ஒரு தகவல். எங்கள் வீட்டிலும் டிவி கேம் இருந்தது. அது தம்பிக்கு வாங்கியது. எனக்கு ‘நீ போய் பாத்திரத்தைக் கழுவு’. அதனால் என் முதல் ஆட்டம் 19 வயதில், செல்போனில்.

2007 இல் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா தொழிற்சாலையில் சேர்ந்தேன். அதற்கு முந்தின வருடம்தான் அங்கே உற்பத்தி தொடங்கியிருந்தது. எங்கள் ஊரிலிருந்து பஸ் நிறையப் பெண்கள். மூன்றாம் மாதச் சம்பளத்தில் ஒரு 1100 வாங்கினேன், செகண்ட் ஹேண்ட், தலையில் டார்ச் இருக்குமே அது. நாள் முழுக்கப் போன்களுக்கு நடுவில் நின்றாலும் எனக்கென்று ஒன்று அப்போதுதான்.

ராத்திரி ஷிஃப்ட் முடிந்து திரும்பும் பஸ்ஸில் எல்லோரும் தூங்கிக்கொண்டு வருவார்கள், நான் பாம்பு ஆட்டம் ஆடுவேன். விளையாட்டில் இவ்வளவு நிம்மதி இருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. வேகத்தை ஏற்றி வைத்துக்கொள்வேன். பாம்பு நீளமானதும் திரையை ஓரம் கட்டி, மேலிருந்து கீழாகக் கோலத்துக்கு இழை போடுகிற மாதிரி வரிசையாக இறக்கிக்கொண்டே வரவேண்டும், குறுக்கே போனால் மாட்டிக்கொள்வோம். இதை நானேதான் கண்டுபிடித்தேன். பக்கத்துச் சீட்டு அக்காவுக்கும் கற்றுக்கொடுத்தேன். அரக்கோணம் நெருங்கும்போது விடிந்திருக்கும், ‘இரு, இது சாகட்டும், இறங்குறேன்’ என்பேன்.

தம்பியின் டிவி கேமில் ஒரே ஒரு முறை கை வைத்தேன். சாலையில் கார் ஓட்டும் ஆட்டம், பெட்ரோல் தீர்ந்துபோகும். ‘ஸ்கோர் கெட்டுப்போச்சு’ என்று அழுதான், அடி எனக்கு விழுந்தது.

#14 டப்பாசிஸ்டம்

தங்கச்சி, அந்தக் கார் ஆட்டம் ‘ரோட் ஃபைட்டர்’. பாம்பு முதலில் வந்தது 1997 இல், 6110 போனில். பின்லாந்துக்காரர் டனெலி அர்மான்டோ எழுதியது. பிறகு வந்த 3310 போனிலும் திரை மொத்தம் 84க்கு 48 புள்ளிதான், அதற்குள் என்ன அடக்க முடியும் என்று பார்த்தால் பாம்புதான் சரியான உருப்படி.

கோலம் உத்தியை இன்றைக்கே சோதிக்கிறேன்.

#15 பார்த்தவன்_பாதி

நான் 95 இல் பிறந்தவன், உங்கள் கேசட்டை எல்லாம் கண்ணால் பார்த்ததில்லை. எனக்கு பிளேஸ்டேஷன் 2, அதுவும் கடையில். திருநெல்வேலியில் ஒரு மாடிப்படிக்குக் கீழே மூன்று டிவி, ஒரு மணி நேரம் 20 ரூபாய், அரை மணி நேரத்துக்கு 10. முதல் ஆட்டம் ‘வைஸ் சிட்டி’.

ஒன்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். கடையில் மெமரி கார்டு கிடையாது. ஆகவே யார் வந்து உட்கார்ந்தாலும் கதை முதலிலிருந்து. முதல் இரண்டு மூன்று வேலைகளை நான் ஐம்பது தடவையாவது செய்திருப்பேன். நாலாவதற்குப் போகும்போது ‘தம்பி, டைம்’ என்று குரல் வரும். கதைக்கு முடிவு ஒன்று இருக்கிறது என்பதே கல்லூரி ஹாஸ்டலில் ஒருவன் லேப்டாப்பில் முடித்துக் காட்டியபோதுதான் தெரியும். அதனால் பாதிப் பேர் கதையை விட்டுவிட்டு ஊர் சுற்றக் கிளம்பிவிடுவோம். மோட்டார் சைக்கிள், கடற்கரை, ராத்திரி மழை. அந்த ஊரில் எனக்கு வழி தெரியாத சந்து கிடையாது. பாளையங்கோட்டையில் இன்றைக்கும் வழி கேட்டுத்தான் போவேன்.

அப்புறம் பிரவுசிங் சென்டர் வந்தது. அங்கே கீபோர்டில் ‘பான்சர்’ என்று அடித்தால் வானத்திலிருந்து டாங்க். உடம்பு தேற ‘ஆஸ்பிரின்’, அதுவும் கடைசியில் ஒரு ‘ஈ’ கூடுதலாகப் போட்டால்தான் வேலை செய்யும். என் பெரிய மாமா பையன் இங்கிலீஷில் 35 மார்க் தாண்டியதில்லை, போலீஸை விரட்டுகிற ‘லீவ்மீஅலோன்’ பன்னிரண்டு எழுத்தையும் திரையைப் பார்த்துக்கொண்டே கை பார்க்காமல் அடிப்பான்.

#16 டோக்கன்_இல்லை

கடை என்றதும் முஸ்தபா. மதுரையில் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஆடியது. ஆட்டத்தின் பெயர் ‘கேடிலாக்ஸ் அன்ட் டைனோசர்ஸ்’, 1993, கேப்காம் செய்தது. அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. நாலு பேரில் யாரை வேண்டுமானாலும் எடுக்கலாம். எல்லோருக்கும் முஸ்தபாதான் வேண்டும், எட்டி உதைப்பதற்கு. கடைசியில் வருபவனுக்குக் குண்டன்.

ஒரு டோக்கன் ஒரு ரூபாய். உயிர் போனதும் ‘தொடரலாமா’ என்று பத்திலிருந்து எண் இறங்கும். ஒன்பது, எட்டு… பையில் கைவிட்டால் பஸ்ஸுக்கு வைத்த காசு. பல நாள் நடந்துதான் வீட்டுக்குப் போனேன்.

#17 பெருந்துறை_வாத்தியார்

உங்களுக்கெல்லாம் அண்ணன் நான். 1985, ஒன்பதாம் வகுப்பு. பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் கொடுக்கும் ‘கிளாஸ்’ என்ற மத்திய அரசுத் திட்டம் அதற்கு முந்தின ஆண்டு தொடங்கியிருந்தது. அதில் எங்கள் பள்ளிக்கு பிபிசி மைக்ரோ வந்தது. பழுப்பு நிறம், சிவப்பில் பத்து விசைகள், 32 கிலோபைட் நினைவகம். ஆட்டம் எதுவும் தரவில்லை. சார் போர்டில் எழுதிப்போட்டதை நாங்களே அடித்தோம். கம்ப்யூட்டர் 1 முதல் 100 க்குள் ஓர் எண்ணை நினைக்கும், நாம் ஊகிக்க வேண்டும். ‘பெரிசு’, ‘சிறிசு’ என்று சொல்லும். பதினைந்து வரி இருக்கும். ஒரு வரியை நான் தப்பாக அடித்ததில் என் கம்ப்யூட்டர் எந்த எண்ணைச் சொன்னாலும் ‘சிறிசு’ என்றே சொல்லிக்கொண்டிருந்தது. 100 என்றேன், சிறிசு. 1000 என்றேன், சிறிசு. மணி அடிக்கும் வரை விடாமல் ஊகித்தேன். நான் ஆடிய முதல் ஆட்டம் அதுதான்.

#18 கிள்ளான்_காரன்

மொட்டைமாடி அண்ணே, இன்னும் யாரும் பெயர் சொல்லவில்லையா? மலேசியாவில் எங்களுக்கு ‘மைக்ரோ ஜீனியஸ்’ என்ற தைவான் பெட்டி. உள்ளே உங்களுடையது மாதிரியே, கேசட்டும் அதே 60 பட்டை. அதில் இந்த ஆட்டத்தை நான் தேய்த்துத் தீர்த்திருக்கிறேன்.

பெயர் ‘பைனரி லேண்ட்’. ஹட்சன் சாஃப்ட், இந்தப் பெட்டிக்கு 1985 இல் வந்தது. இரண்டும் பென்குயின்தான், வாத்து இல்லை. ஆண் குரின், பெண் மாலோன், மாலோன் இளஞ்சிவப்பு. மேலே நடுவில் கூண்டுக்குள் ஓர் இதயம் இருக்கும். சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக இரண்டும் ஒரே நேரத்தில் அங்கே போய்ச் சேர வேண்டும்.

இப்போது முக்கியமான விஷயம், உட்கார்ந்து படியுங்கள். அது கோளாறு இல்லை அண்ணே. ஆட்டமே அதுதான். ஒன்று இடது போனால் மற்றது வலது போகும், கண்ணாடியில் பார்க்கிற மாதிரி. ஒரு பக்கத் தடுப்பில் ஒன்றை முட்ட வைத்துவிட்டு மற்றதை மட்டும் நகர்த்த வேண்டும். ஒன்று வலையில் மாட்டினால் மற்றது போய் மருந்தடித்து விடுவிக்க வேண்டும்.

#19 நாலுமுக்கு

அய்யோ.

#20 பஞ்சுமிட்டாய்

கேசட்டை மாற்றி வந்தாராம் அப்பா! சத்தம் போட்டு மாற்றி வந்தாராம்!

#21 பழையசோறு

இதைத் தவறவிட்டேனே. அந்த ஆட்டத்தில் பின்னணியில் ஓடுவது பிரெஞ்சு இசையமைப்பாளர் எரிக் சாட்டியின் வால்ட்ஸ் மெட்டு. கும்பகோணத்தில் உட்கார்ந்து சாட்டி கேட்டிருக்கிறீர்கள்.

பெட்டி இல்லை என்று கவலை வேண்டாம் மொட்டைமாடி, 60 பட்டை கேசட் ஏற்கும் புதுப் பெட்டிகள் இன்றைக்கும் கிடைக்கின்றன. பட்டையை மட்டும் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடையுங்கள். ஊதாதீர்கள்.

#22 மொட்டைமாடி

நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். பெட்டி வந்தது, திருச்சியிலிருந்து அக்காவும் வந்தாள். துடைத்தேன். வரவில்லை. இரண்டு முறை எடுத்துப் போட்டேன். வரவில்லை. அக்கா பிடுங்கி ஓர் ஊது ஊதினாள். வந்தது. (மன்னிக்கவும் பழையசோறு.)

பட்டியலில் 23 ஆம் எண். இரண்டு பென்குயின்கள். இடதை அமுக்கினேன், ஒன்று அப்படி, ஒன்று இப்படி. இந்த முறை தெரிந்து ஆடினோம். திசை என் கையில், எந்தப் பக்கம் முட்ட வைக்க வேண்டும் என்று சொல்வது அவள் வேலை. ஏழாவது கட்டம் வரை போனோம். வாத்துதான் என்று இன்னும் சாதிக்கிறாள், அலகைப் பார் என்கிறாள்.

சத்தம் கேட்டு அப்பா வந்தார். 81 வயது, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். ‘அப்பா, அது ரிப்பேர் இல்லையாம், கேமே அப்படித்தானாம்’ என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. காபி குடித்து முடித்த பிறகுதான் வாயைத் திறந்தார்:

‘அந்தக் கடைக்காரர் அன்னிக்கே சொன்னார்டா, கேம் அப்படித்தான் சார்னு. நான்தான் ஏமாத்துறார்னு நினைச்சேன்.’

#23 டோக்கன்_இல்லை

23 ஆம் எண்ணைத் தாண்டி ஒரு முறை பாருங்கள், ‘சர்க்கஸ் சார்லி’ இருக்கிறதா என்று. டிவி கேமில் எனக்கு அதுதான் முதல். சிங்கத்தின் மேல் உட்கார்ந்து நெருப்பு வளையம், அப்புறம் கயிற்றில் குரங்கு. அதற்கடுத்து வரும் பந்தை நான் பார்த்ததோடு சரி, தாண்டியதில்லை.